பள்ளத்தாக்கு ஓரத்து வீடும் காட்டுத்தீயும்: மரத்தில் கை வைக்கும் முன் சுவரடியைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இது: கலிபோர்னியாவின் சான் டியேகோ கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), பள்ளத்தாக்கை ஒட்டி, தொண்ணூறுகளில் கட்டிய ஓட்டுக்கூரை வீடு வாங்கியிருக்கிறீர்கள். காப்பீட்டுக்காரர்கள் அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் போட்டுவிட்டார்கள். பின்பக்கம் இருக்கும் ஓக் மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு, கூரைமேல் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வைத்துவிட்டால் போதுமா?

போதாது. இரண்டுமே முதலில் செய்ய வேண்டியவை அல்ல, மரத்தை வெட்டுவது சில இடங்களில் கெடுதல்கூட. மரம் வெட்டவும் ஸ்பிரிங்க்ளர் மாட்டவும் வைத்திருக்கும் பணத்தில் கால்வாசியை வீட்டுச் சுவரைச் சுற்றி ஐந்து அடிக்குள் செலவழித்தால் அதைவிடப் பல மடங்கு பயன் கிடைக்கும்.

ஏன் என்று புரிய, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்ததைப் பார்க்கலாம். 2007 அக்டோபர் 21 அன்று பாலைவனப் பக்கமிருந்து வரும் வறண்ட சாண்டா அனா காற்று வீசிக்கொண்டிருந்தபோது, கிழக்கே விட்ச் கிரீக் பகுதியில் மின்கம்பியால் பற்றிய தீ, மறுநாள் அதிகாலை ராஞ்சோ பெர்னார்டோவுக்குள் வந்துவிட்டது. இன்று நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம்தான். அங்கே 'தி டிரெயில்ஸ்' என்ற குடியிருப்பில் மட்டும் 74 வீடுகள் அழிந்தன. நிஸ்ட் எனப்படும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்து ஆட்கள் வீடு வீடாகப் போய், எது எப்போது எப்படிப் பற்றியது என்று விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். தீ முன்னணி வருவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே கங்குகள் பறந்து வந்து விழ ஆரம்பித்திருக்கின்றன. தீ கடந்து போய்ப் பல மணி நேரம் கழித்தும் புதிதாக வீடுகள் பற்றியிருக்கின்றன. அழிந்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, நேரடியாகவோ சுற்றி வளைத்தோ, இந்தக் கங்குகளால்தான் போயின.

தொலைக்காட்சியில் காட்டும் நாற்பது அடி உயரச் சுவாலை பயமுறுத்தும், சரிதான். ஆனால் அது உங்கள் வீட்டு எல்லையில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும், எரிவதற்கு இருந்தது தீர்ந்ததும் நகர்ந்துவிடும். வீட்டை எரிப்பது பெரும்பாலும் விரல்நுனி அளவுக் கங்குதான். அது விழும் இடத்தில் பற்றிக்கொள்ள ஏதாவது இருந்ததா இல்லையா என்பதே மொத்தக் கதையும். 2018 நவம்பரில் வட கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்த பிறகு எடுத்த படங்களைப் பாருங்கள்: வீடு இருந்த இடத்தில் சாம்பல், பக்கத்திலேயே பைன் மரம் பச்சையாக நிற்கிறது. காடு வீட்டை எரித்திருந்தால் அந்த மரம் எப்படித் தப்பியது?

அமெரிக்க வனத்துறையில் தீ ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் வேண்டுமென்றே காட்டைக் கொளுத்தி, மர உச்சிவரை எரியும் தீக்கு எதிரே 10, 20, 30 மீட்டர் தூரத்தில் மரப்பலகைச் சுவர்களை நிறுத்தினார்கள். 10 மீட்டரில் சில சுவர்கள் பற்றின, சில கருகின. 20 மீட்டரில் லேசாகத் தீய்ந்ததோடு சரி. 30 மீட்டரில் ஒன்றுமே இல்லை. கலிபோர்னியச் சட்டம் வீட்டைச் சுற்றி 100 அடி சுத்தம் செய்யச் சொல்கிறதே, அது ஏறத்தாழ இந்த 30 மீட்டர்தான். அதற்கு அப்பாலும் மொட்டையடிப்பதில் வீட்டுக்குப் பெரிய லாபம் கிடையாது. அலெக்சாண்ட்ரா சைஃபர்ட் குழுவினர் உங்கள் கவுண்டியிலேயே எரிந்த வீடுகளையும் தப்பிய வீடுகளையும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: பெரும்பயன் தருவது ஐந்திலிருந்து இருபது மீட்டர் வரையிலான சுத்தம், முப்பதைத் தாண்டினால் செங்குத்துச் சரிவிலும்கூடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

ஆக, வேலையை வீட்டிலிருந்து ஆரம்பித்து வெளியே போக வேண்டும். எல்லாரும் செய்வது நேர்மாறாக, பள்ளத்தாக்கிலிருந்து வீட்டை நோக்கி.

முதல் ஐந்து அடியை இங்கே ஜோன் ஜீரோ என்கிறார்கள். 2020இல் இதற்கென்று தனியாகவே ஒரு சட்டம் போட்டார்கள். கொள்கை எளிது: சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் அங்கே என்னென்ன இருக்கிறது என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். வாசலில் தேங்காய்நார் மிதியடி. சாம்பிராணி போடத் தேங்காய்நாரில் கங்கு வைத்து ஊதிய யாருக்கும் இது என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை, அதுவும் மரக்கதவின் அடியில். கதவில் காய்ந்து சுருண்ட மாவிலைத் தோரணம். தெற்குச் சுவரை ஒட்டி, வெயில் படும் என்பதற்காக, பிளாஸ்டிக் தொட்டிகளில் கறிவேப்பிலையும் மல்லிகையும். தொட்டி உருகும், உள்ளே இருக்கும் தென்னைநார்க் கலவை காய்ந்திருந்தால் மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும், செடி அப்புறம் பற்றும். கறிவேப்பிலையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை (சொன்னால் அடிக்க வருவீர்கள்). மண் தொட்டிக்கு மாற்றி, சுவரை விட்டுப் பத்தடி தள்ளி வையுங்கள், குளிர்காலத்தில் வேண்டுமானால் உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய எதிரி மல்ச், அதாவது செடிகளின் அடியில் ஈரம் காக்கப் பரப்பும் மரப்பட்டைத் துண்டு. கட்டுநர்கள் சுவரோரம் முழுக்க அதைத்தான் கொட்டி வைத்திருப்பார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும். அதில் விழும் கங்கு உடனே சுவாலை விடாது. மெதுவாகப் புகைந்து, நீங்களும் தீயணைப்பு வண்டியும் போன பிறகு, காற்று ஒரு தரம் ஊதும்போது சுவரில் ஏறும். ரப்பர் மல்ச் என்று விற்கிறார்களே, அது இன்னும் மோசம். ஐந்து அடிக்கு இரண்டையும் வாரி எடுத்துவிட்டுச் சரளைக்கல் போடுங்கள். இரண்டு வாரக்கடைசிகளில் முடிகிற வேலை. ஆள் வைத்தாலும், ஒரு பெரிய ஓக்கை வெட்ட ஆகும் கூலியைவிட மிகக் குறைவாகத்தான் ஆகும்.

அடுத்து வென்ட். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் மக்கள் கண்ணுக்கே படாத விஷயம் இதுதான். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே இருக்கும் அட்டிக்கில் காற்றோட்டத்துக்காகக் கூரை விளிம்பின் அடியிலும், முக்கோணச் சுவரிலும், தரைக்கு அருகிலும் கம்பி வலை போட்ட திறப்புகள் இருக்கும். உங்கள் வீட்டுக் காலத்தில் போட்ட வலையில் கண் பெரும்பாலும் கால் அங்குலம். எலியும் பறவையும் நுழையாமல் இருக்கப் போட்டது, கங்குக்கு அது திறந்த வாசல். உள்ளே இன்சுலேஷன், தூசி, பழைய அட்டைப்பெட்டிகள். வெளியே ஒன்றுமே தெரியாது, அரை மணி கழித்துக் கூரையிலிருந்து புகை வரும். கண் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் போகாத உலோக வலை போடுங்கள், முடிந்தால் கங்கையும் சுவாலையையும் தடுக்கும் என்று சோதித்துச் சான்று பெற்ற வென்ட்டாகவே மாற்றிவிடுங்கள். வலையை நெருக்கமாக்கினால் தூசி அடைத்துக் காற்றோட்டம் குறையும், வருடம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் வலை கூடாது, உருகி ஓட்டையாகிவிடும். எச்சரிக்கை வந்ததும் வென்ட்டை மறைக்க, முன்கூட்டியே அளவாக வெட்டிய ப்ளைவுட் துண்டுகளைக் கராஜில் வைத்திருக்கிறவர்களும் உண்டு. நேரம் இருந்தால் நல்லது, ஆனால் நேரம் இருக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கூரை. ஓடு என்பதால் பாதுகாப்பு என்று நினைத்திருப்பீர்கள். ஓடு எரியாது, உண்மை. ஆனால் அரைவட்ட ஓடு என்றால் கூரை விளிம்பில் ஒவ்வொரு ஓட்டுக்கு அடியிலும் ஒரு பொந்து இருக்கும். பறவை அதில் வைக்கோலைக் கொண்டுபோய்க் கூடு கட்டும், காற்று சருகைத் தள்ளும், அப்புறம் அதே வழியில் கங்கும் போகும். அடியில் இருப்பது தார்த்தாளும் பலகையும். ஒரு ஏணியை வைத்து ஏறிப் பாருங்கள், பொந்துகள் சிமெண்டாலோ அதற்கென்று விற்கும் அடைப்புகளாலோ மூடியிருக்கின்றனவா என்று. மூடியிருந்தாலும் முப்பது வருடத்தில் சிமெண்ட் பெயர்ந்திருக்கும். ஏறினது ஏறினீர்கள், கட்டரில், அதாவது கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் வாய்க்காலில், கையை விட்டுச் சருகை அள்ளிப் போடுங்கள். உள்ளங்கை நிறையக் காய்ந்த ஓக் இலை வந்தால், அதுதான் உங்கள் கூரை விளிம்பில் காத்திருந்த கொள்ளி. பிளாஸ்டிக் கட்டர் என்றால் எரிகிற சருகோடு உருகி, சுவரடியில் விழும். அங்கே மல்ச் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மரவேலி வீட்டுச் சுவரில் வந்து முட்டுகிறதா? ஏறத்தாழ நிச்சயமாக முட்டும், இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். வேலியடியில் சருகு சேரும், அதில் கங்கு விழும், வேலி திரிபோல் எரிந்துகொண்டே வந்து சுவரில் முடியும். மொத்த வேலியையும் மாற்ற வேண்டாம். சுவரைத் தொடும் கடைசி ஐந்து அடியை மட்டும் உலோகக் கதவாகவோ செங்கல்லாகவோ ஆக்கினால் போதும். பொதுவேலி என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசித்தான் ஆக வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

டெக்கின், அதாவது வீட்டை ஒட்டிய பலகைத் தளத்தின், அடியில் எதையும் வைக்காதீர்கள், முக்கியமாக விறகும் பழைய மரச்சாமானும். பலகை இடுக்குகளில் சேரும் குப்பையை, அதுவும் டெக் சுவரோடு சேரும் மூலையை, தகட்டால் சுரண்டி எடுங்கள். ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி என்றால் பக்கத்தில் ஏதாவது எரியும் வெப்பத்திலேயே விரிசல் விட்டு உதிர்ந்துவிடும், உள்ளே திரைச்சீலை தயாராகத் தொங்கும். இரட்டைக் கண்ணாடியில் குறைந்தது ஒன்றாவது டெம்பர்டு (சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி) ஆக இருப்பது நல்லது. ஆனால் அது செலவு பிடிக்கும் வேலை, ஆகையால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குப் பக்க ஜன்னல்களிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்போது உங்கள் ஓக் மரங்கள். வீட்டுக்கு மேல் கிளை நீட்டாமல், புகைபோக்கிக்குப் பத்தடிக்குள் வராமல், அடியில் சுத்தமாக இருக்கும் ஓக் உங்களுக்கு எதிரி இல்லை. அது காற்றின் வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்தும், பறந்து வரும் கங்கில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்ளும். வெட்டிவிட்டால் அந்த நிழல் போய் அங்கே காட்டுப்புல் முளைக்கும். மே மாதத்தில் காய்ந்து பொன்னிறமாக நிற்கும் அந்தப் புல்தான் தீ ஓடுவதற்குத் தோதான பாதை. மொட்டையான சரிவு அடுத்த மழைக்கே கரைந்து இறங்கும் என்பது தனி வினை.

செய்ய வேண்டியது மரத்துக்கும் தரைக்கும் உள்ள தொடர்பை அறுப்பது. தரையிலிருந்து ஆறு அடி வரை கிளைகளைக் கழித்துவிடுங்கள். மரத்தடியில் புதர் இருந்தால், புதரின் உயரத்தைப்போல மூன்று மடங்கு இடைவெளி புதரின் தலைக்கும் மரத்தின் கீழ்க்கிளைக்கும் நடுவே வேண்டும். ஐந்தடிப் புதருக்குப் பதினைந்து அடி. நடைமுறையில் அந்தப் புதரை எடுத்துவிடுவதே சுலபம். புல்லை நாலு அங்குலத்துக்குக் கீழே வைத்திருங்கள், ஆனால் வெட்டுவதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், காற்றடிக்கும் நாளில் வேண்டவே வேண்டாம். புல்வெட்டியின் கத்தி கல்லில் பட்டுத் தெறித்த பொறியில் ஆரம்பித்த தீக்கள் இந்த மாநிலத்தில் கணக்கில் அடங்காது.

உங்கள் வீடு சரிவின் மேல்பக்கம் இருக்கிறது என்பதால் ஒன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். பத்து டிகிரி சரிவு கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்பு வீரர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதனால் பள்ளத்தாக்குப் பக்கம் இடைவெளிகள் அதிகமாக இருக்க வேண்டும்: சமதரையில் மரக்கிளைகளுக்கு நடுவே பத்தடி போதும் என்றால், நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் (நூறடி போனால் நாற்பதடிக்கு மேல் ஏறும் சரிவு) முப்பதடி. ஜூனிப்பர், இத்தாலியன் சைப்ரஸ், பாம்பாஸ் புல் மூன்றும் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். ஜூனிப்பர் வெளியே பச்சையாக இருக்கும், கையால் விலக்கிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் காய்ந்த குச்சியும் எண்ணெய்ப் பசையும்தான். தீயை எதிர்க்கும் செடி என்று நர்சரியில் எழுதி விற்பதை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். தண்ணீர் விட்டு, காய்ந்ததைக் கழித்து வைத்திருக்கும் எந்தச் செடியும் ஓரளவு தாங்கும், கவனிக்காமல் விட்ட எதுவும் எரியும்.

கூரை ஸ்பிரிங்க்ளர் பற்றி. வேலை செய்தால் உதவும்தான். ஆனால் அது வேண்டிய நேரத்தில் மின்சாரம் இருக்காது, காற்று அதிகமானால் மின்நிறுவனமே முன்னெச்சரிக்கையாக அணைத்துவிடும். ஊரே தண்ணீரைத் திறந்தால் குழாயில் அழுத்தம் விழும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸில் தீயணைப்பு ஹைட்ரன்ட்டுகளே வறண்டதைப் பார்த்தோமே. மணிக்கு அறுபது மைல் காற்றில் தண்ணீர் கூரையில் விழாமல் பக்கத்துத் தெருவில் விழும். தனித் தொட்டி, தனிப் பம்ப், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து வைக்க வசதி இருக்கிறது, மேலே சொன்ன அத்தனையும் முடித்தாகிவிட்டது என்றால் வையுங்கள். வென்ட்டில் கால் அங்குல வலையை வைத்துக்கொண்டு கூரைமேல் ஸ்பிரிங்க்ளர் வைப்பதில் அர்த்தமில்லை.

பக்கத்து வீட்டு விஷயத்துக்கு வருவோம். வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் ஒரு வீடு பற்றிவிட்டால் அடுத்த வீட்டுக்கு அதுவே காட்டைவிடப் பெரிய தீ, மணிக்கணக்கில் நின்று எரியும். 2017இல் எரிந்த, வட கலிபோர்னியாவில் சாண்டா ரோசா ஊரின் காஃபி பார்க், காடே இல்லாத சமதரைக் குடியிருப்பு. கங்குகள் நெடுஞ்சாலை 101ஐத் தாண்டி வந்து விழுந்தன, அப்புறம் வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவிப் பரவியது. அதனால் நீங்கள் மட்டும் எல்லாம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. தெருவில் நாலு பேரைச் சேர்த்து, அக்கம்பக்கத்தார் சேர்ந்து தீ அபாயத்தைக் குறைப்பதற்கான ஃபயர்வைஸ் அமைப்பில் பதிந்துகொள்ளப் பாருங்கள். குப்பைத்தொட்டி லாரியை ஒரு நாள் வாடகைக்கு வரவழைத்து, வெட்டிய கிளைகளை எல்லோருமாக அதில் போட்டால் அதுவே நல்ல ஆரம்பம். ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) கூட்டத்தில் பேச்சை எடுப்பதைவிட இது சீக்கிரம் நடக்கும்.

காப்பீடு. கலிபோர்னியாவில் புதுப்பிக்கவில்லை என்றால் குறைந்தது 75 நாள் முன்பே எழுத்தில் சொல்லியாக வேண்டும், கடிதத்தின் தேதியைச் சரிபாருங்கள். 2022இல் வந்த விதியின்படி, நீங்கள் செய்யும் பாதுகாப்பு வேலைகளுக்குத் தள்ளுபடி தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. உங்கள் வீட்டுக்கு அவர்கள் போட்டிருக்கும் தீ அபாய மதிப்பெண்ணைக் கேட்கவும், தப்பாக இருந்தால் முறையீடு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். அதனாலேயே புதுப்பித்துவிடுவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் தரகர் வேறு இடங்களில் உங்களுக்காகப் பேசும்போது காட்ட ஏதாவது இருக்கும். எதுவும் நடக்கவில்லை என்றால் ஃபேர் பிளான் இருக்கிறது, வேறு யாரும் காப்பீடு தராதவர்களுக்கான கடைசிப் புகலிடம். அது அடிப்படையில் தீக்கு மட்டும்தான், திருட்டு, தண்ணீர்க் கசிவு, யாராவது வழுக்கி விழுந்தால் வரும் வழக்கு இவற்றுக்கெல்லாம் தனியாக இன்னொரு பாலிசி சேர்த்து எடுக்க வேண்டும். பலர் இதை எடுக்காமலே இருக்கிறார்கள்.

கடைசியாக, கிளம்பச் சொன்னால் கிளம்புவது. மேலே சொன்னதெல்லாம் நீங்கள் இல்லாத நேரத்தில் வீடு தானாகத் தாக்குப்பிடிப்பதற்காகத்தான், தோட்டக் குழாயோடு நின்று போராடுவதற்கு அல்ல. போகும்போது ஜன்னல் கதவெல்லாம் சாத்துங்கள், மிதியடியையும் வெளியே கிடக்கும் மெத்தை நாற்காலிகளையும் உள்ளே இழுத்துப் போடுங்கள், விளக்குகளை எரியவிடுங்கள், புகையில் வீடு இருக்கும் இடம் தீயணைப்புக்காரர்களுக்குத் தெரியட்டும். தண்ணீரைத் திறந்துவிட்டுப் போக வேண்டாம், அவர்களுக்கு வேண்டிய அழுத்தம் குறையும். பாஸ்போர்ட், விசா தாள்கள், மருந்து, நகை ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும்.

கராஜ் கதவையும் மறக்காதீர்கள். 2017 தீயில் மின்சாரம் போய், மோட்டார் வேலை செய்யாமல், காரை வெளியே எடுக்க முடியாமல் சிலர் இறந்துபோனார்கள். அதனால்தான் 2019 ஜூலையிலிருந்து இங்கே விற்கும் மோட்டார்களில் பேட்டரி கட்டாயம். உங்களுடையது பழையது என்றால் மாற்றுங்கள். அதுவரைக்கும், மேலே மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைக் கையால் தூக்குவது எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும், ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து, செய்து காட்டுங்கள். அவர்களையே ஒரு தரம் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கதவு அசையாது, அப்படியென்றால் அந்த வாரமே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.